சந்திரபாபுவைக் கெடுத்தது தலைவிதியா?

தூத்துக்குடியில் பிறந்து, சினிமாவில் ஹாசிய நடிகராய்ப் பேர் பெற்று, 1974-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ந் தேதி தமது 46-வது வயதில் இறந்துபோன ஜே.பி. சந்திரபாபுவைப் பற்றி நம் பக்கத்து ஜனங்கள் பேசும்போது, பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிகின்ற இடம் ஒன்றாகவே இருக்கின்றது. "எல்லோரையும் சிரிக்க வைத்தவன், கடைசியில் அழுது செத்தான், அவன் தலையெழுத்து அப்படி" என்பார் ஒருவர். "இல்லை, வாய்த்திமிர், பெரியவர்களை மதிக்கவில்லை, ஆண்டவன் கூலி கொடுத்தான்" என்பார் மற்றொருவர். "ஊர்க் கண்ணெல்லாம் பட்டுவிட்டது" என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, டெலிவிஷன் பெட்டியில் அவர் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஒரு சினிமாக்காரன் கதை பகுத்தறிவுப் பத்திரிகைக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். சினிமாவுக்காக நாம் இதை எழுதவில்லை. தலையெழுத்து, தெய்வ தண்டனை, கண்ணேறு என்னும் இம்மூன்று சரக்கும் கோவில் வாசலில் விற்கப்படுவதைவிட அதிகமாக இப்பொழுது சினிமாப் பேச்சில்தான் விற்கப்படுகின்றன. கோவிலில் விற்றால் சந்தேகப்படுகிறவன்கூட, நடிகன் கதையில் விற்றால் சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்ளுகிறான். ஆகவே இக்கதையை ஆதிமுதல் எடுத்து விசாரித்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம்.

முதலில் அவருடைய பேரை எடுத்துக்கொள்ளுவோம். அவர் 1927-ல், முத்துக்குளிப்புக்குப் பேர்போன பரதவர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தையாயிருந்தபோது காய்ச்சல் கண்டு பிழைப்பது அரிதென்றிருந்ததாகவும், பெற்றோர் தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் வேண்டிக்கொள்ளப் பிழைத்ததாகவும், அதனால் பனிமயதாசன் என்று பேரிட்டதாகவும் அவர் வரலாற்றை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். வீட்டில் பாபு என்று அழைத்தார்கள். தம் ஜாதியார் தங்களைச் சந்திரகுலம் என்று சொல்லிக்கொள்ளுவதால் பாபுவுக்கு முன் சந்திரனைச் சேர்த்துக்கொண்டார் என்பதும் அவர்கள் சொல்லுவதே. ஆக ஒரு மனிதன் பேரில் மாதாவுக்கு அடிமை என்று ஒரு பாகமும், ஆகாயத்துச் சந்திரனுக்குப் பேரன் என்று ஒரு பாகமும் இருக்கின்றது. கப்பலில் வந்த மதம் மாதாவைக் கொடுத்தது. அதற்கு முன்னாலிருந்த மதம் கொடுத்த சந்திரனோ போகவேயில்லை. 1530-களில் போர்த்துகீசியர் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜனசமூகத்துக்கு, நானூறு வருஷம் கழிந்தும் தன் குலத்துக்குப் பெருமை தேட ஒரு கிரகம் வேண்டியிருந்தது என்றால், மதம் மாறினால் ஜாதி போய்விடும் என்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பிள்ளை காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு மாதா காரணம் என்றால், அதே பிள்ளை 46 வயதில் கடனும் குடியும் நோயுமாய்ச் செத்ததற்கு யார் காரணம்? வரவு மட்டும் மாதா கணக்கில், செலவு மட்டும் அவனவன் தலையெழுத்துக் கணக்கில் என்று எழுதுவது எந்த ஊர்க் கணக்கு? இப்படிக் கணக்கெழுதுகிற குமாஸ்தாவை எந்தக் கடை முதலாளியாவது ஒரு நாள் வைத்திருப்பானா?

நிற்க. அவர் தகப்பனார் ஜோசப் பிச்சை ரொட்ரிகோ சுதந்திரப் போராட்டக்காரர். "சுதந்திர வீரன்" என்ற பத்திரிகை நடத்தினார். 1929-ல் சர்க்காரின் கோபத்துக்காளாகிக் கைதாகிச் சொத்திழந்து, குடும்பத்தோடு கொழும்புக்குப் போகும்படியாயிற்று. பிள்ளை கொழும்பில் வளர்ந்தான். அங்கேதான் மேல்நாட்டு ஆட்டமும் பாட்டும் அவனுக்குப் பழக்கமாயின. 1943-ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பி வந்தது. 1947-ல் "தன அமராவதி" என்ற படத்தில் முதல் வேஷம் கிடைத்தது. அதன் பிறகு ஐந்து வருஷம் ஸ்டூடியோ ஸ்டூடியோவாய் அலைந்தும் சொல்லத்தக்க வேலை ஒன்றும் அகப்படவில்லை. 1952-ல் ஜெமினி ஸ்டூடியோவுக்குள்ளேயே உயிரை விட முயன்றார். பிழைக்க வைத்தார்கள்; பிழைத்தவரைப் போலீசார் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தினார்கள்.

ஏனெனில் அக்காலத்துச் சட்டம் அப்படி. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, சாக முயன்று பிழைத்தவனுக்கு ஒரு வருஷம் வரை காவல் என்றது. பசியால் சாகப்போனவனைப் பார்த்துச் சர்க்கார் "ஏன் பசித்தது?" என்று கேட்கவில்லை; "ஏன் சாகப்போனாய்?" என்றுதான் கேட்டது. கோர்ட்டில் சந்திரபாபு ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தம் கையைச் சுட்டுக்கொண்டு, நான் சுட்டுக்கொண்டது உங்களுக்குத் தெரியும், அதன் வலி உங்களுக்குத் தெரியுமா என்று நீதிபதியைக் கேட்டார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். அக்கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல அறுபத்தைந்து வருஷம் ஆயிற்று. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், அப்படி முயன்றவன் கடும் மனவேதனையில் இருந்தான் என்றே கொள்ள வேண்டும், அவனுக்கு வைத்தியமும் பராமரிப்பும் தருவது சர்க்காரின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. இந்த மாறுதலை எந்த மாதாவும், எந்த மாரியும் செய்யவில்லை. மனிதன் யோசித்தான், மாற்றினான். உயிரை விடுவது பாவம், நரகம் என்று எல்லா மதமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி ஒருவன் பசியையும் வேதனையையும் தீர்த்ததாய் நாம் கேட்டதில்லை.

அதன் பிறகு ஜெமினி முதலாளி எஸ்.எஸ். வாசன் அவருக்கு "மூன்று பிள்ளைகள்" படத்தில் வேஷம் கொடுத்தார். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் சந்திரபாபு இல்லாத படம் குறைபட்ட படம் என்று ஜனங்கள் நினைக்கும்படி ஆயிற்று. "மகாதேவி", "புதையல்", "நாடோடி மன்னன்", "சகோதரி", "மரகதம்" என்று வரிசையாய்ச் சொல்லலாம். 1958-ல் பி.ஆர். பந்துலு எடுத்த "சபாஷ் மீனா"வில் இரட்டை வேஷம். ஒன்று ரிக்ஷாக்காரன் வேஷம். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஆள், சென்னைப் பட்டணத்து உழைப்பாளி பேசுகிற பாஷையைக் காதால் கேட்டுப் பயின்று, அதைக் கொச்சை என்று ஒதுக்கின பண்டிதர்களும் கைதட்டும்படி பேசினார். தம் பாட்டைத் தாமே பாடினார்; பாடிக்கொண்டே ஆடினார்; ஆடிக்கொண்டே கரணம் போட்டார். இவ்வளவும் வரப்பிரசாதம் என்பார்கள். வரப்பிரசாதமானால் ஏன் கொழும்பில் ஆட்டம் பழக வேண்டும்? ஏன் ஐந்து வருஷம் அலைய வேண்டும்? பழக்கத்தாலும் பாடுபட்டதாலும் வந்ததை வரம் என்று சொல்லுவது, உழைத்தவன் கூலியைச் சாமிக்குக் கொடுத்துவிடுவதாகும்.

இனி "திமிர்" என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். சினிமாவில் பெரிய நடிகர் வந்தால் கூட்டத்தோடு எழுந்து நிற்பதும், அண்ணே என்றும் தெய்வமே என்றும் கூழைக் கும்பிடு போடுவதும் வழக்கம். சந்திரபாபு எத்தனை பெரியவரையும் "மிஸ்டர்" என்று முன்வைத்துப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார் என்று அவரோடு பழகினவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தம் பாட்டை ரசிப்பதைக் கண்டு, ஓடிப்போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துகொண்டார் என்றும் சொல்லுவார்கள். பரதவர் வீட்டுப் பிள்ளை பார்ப்பனத் தத்துவப் பேராசிரியர் மடியில் உட்கார்ந்தான்; அவரும் தீட்டு என்று எழுந்து ஓடவில்லை. இதிலே கெட்டுப்போனது என்ன?

மேலே இருக்கிறவன் நிமிர்ந்து நடந்தால் அது கம்பீரம். கீழே இருக்கிறவன் நிமிர்ந்து நடந்தால் அது திமிர். நாயகன் கோபித்துக்கொண்டால் அது தன்மானம். பக்க வேஷக்காரன் கோபித்துக்கொண்டால் அது தலைக்கனம். கிராமத்தில் செருப்புப் போட்டு நடந்தவனையும், தோளில் துண்டு போட்டு நடந்தவனையும் இதே வார்த்தையைச் சொல்லித்தானே அடித்தார்கள்? அந்த வார்த்தையைச் சுயமரியாதைக்காரர்கள் சினிமாப் பேச்சிலும் ஒப்புக்கொள்ளக்கூடாது.

சரி, திமிரால்தான் கெட்டார் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுவோம். அப்படியானால் இன்னும் இருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். ஒருவர் நாகர்கோவில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். ஹாசியத்தைக் கொண்டே மூடநம்பிக்கையை உடைத்தவர். சிதம்பரத்துக்குப் போய் நெருப்பில் இறங்கின நந்தனார் கதைக்குப் பதிலாக, ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து உத்தியோகத்தோடு ஊர் திரும்பின "கிந்தனார்" கதையைக் காலட்சேபமாகவே 1949-ல் "நல்லதம்பி" படத்தில் நடத்திக் காட்டினவர். திமிர் என்று ஒருவரும் அவரைச் சொன்னதில்லை; கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தவர். மற்றொருவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவரோ பக்திப் படங்களின் ராஜா. மேற்படி கலைவாணரும் பாகவதரும் 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் விடுதலையானார்கள். கலைவாணர் 1957-லும், பாகவதர் 1959-லும் இறந்தார்கள். சம்பாதித்ததெல்லாம் கரைந்துபோன பிறகே இறந்தார்கள். ஒருவர் பகுத்தறிவாளர், ஒருவர் பக்தர், ஒருவர் இரண்டிலும் சேராதவர். ஒருவர் அடக்கமானவர், ஒருவர் ராஜகம்பீரர், ஒருவர் வாயாடி. மூவரில் ஒருவருக்கும் ஐம்பது வயது நிறையவில்லை. குணம் மூன்று விதமாயிருக்க, முடிவு மாத்திரம் ஒரே விதமாயிருந்தால், காரணம் குணத்தில் இருக்க முடியுமா? பக்திதான் காக்கும் என்றால் பாகவதரைக் காத்திருக்க வேண்டாமா? ஆகவே காரணம் வேறு எங்கேயோ இருக்கின்றது. அதை வானத்தில் தேடாமல் தரையில் தேடுவோம்.

சந்திரபாபுவைப் பெற்ற கடற்கரையிலேயே அதற்கு ஒரு பழைய பாடம் இருக்கின்றது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிறவன் பரதவன். கரையில் "கடல்கட்டி" என்று ஒருவன் இருப்பான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவன் தொழில். அவன் வந்து மந்திரம் போடாவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். ஆகையால் சர்க்காரே அவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மீனை மந்திரத்தால் கட்டுகிற பிராமணர்களுக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாய் எழுதியிருக்கிறான். மந்திரம் சுறாவைக் கட்டவில்லை. குளிக்கிறவன் மனதைக் கட்டிற்று. அந்தக் கட்டுக்குத்தான் இருபதில் ஒன்று கூலி. அதற்கு மேல் அரசனுக்குப் பங்கு, கப்பல்காரனுக்குப் பங்கு, வியாபாரிக்குப் பங்கு. முத்து ராணியின் கழுத்துக்குப் போயிற்று. மூச்சடக்கினவன் நுரையீரல் கெட்டுச் சீக்கிரம் செத்தான். செத்தபோது "கடல் தாயின் சித்தம்" என்றார்கள்.

சினிமாத் தொழிலும் இந்த ஏற்பாட்டின்படிதான் நடக்கின்றது. பெரிய நாயகனின் பேர்தான் அங்கே மந்திரம். அந்தப் பேர் விளம்பரத்தில் இருந்தால்தான் வட்டிக்காரன் பணம் கொடுப்பான். விநியோகக்காரன் முன்பணம் கொடுப்பான். தியேட்டர்காரன் கதவைத் திறப்பான். கதை நன்றாயிருக்கின்றதா, பக்க வேஷக்காரன் திறமைசாலியா என்று எவனும் கேட்கமாட்டான். நாயகன் இல்லாமல் படம் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லுவது, ஓடாதபடி நீங்கள் பழக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். மந்திரத்தை நம்புகிறவரைக்கும் கடல்கட்டி இல்லாமல் முத்தும் எடுக்க முடியாமல்தான் இருந்தது.

இந்த ஏற்பாட்டை மீறத் துணிந்ததில்தான் சந்திரபாபு விழுந்தார். 1960-ல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த "கவலை இல்லாத மனிதன்" படத்தில் அவரே நாயகன். படம் கைகொடுக்கவில்லை, பேருக்கு நேர்மாறாய்க் கவலையைத்தான் கொடுத்தது. பிறகு எம்.ஜி.ஆரை நாயகனாய் வைத்து "மாடி வீட்டு ஏழை" என்று ஒரு படத்தைத் தாமே எடுக்கத் தொடங்கினார். அது பாதியில் நின்றுவிட்டது. யார் மேல் குற்றம் என்ற வழக்கை நடத்த நாம் இங்கே வரவில்லை. நமக்கு வேண்டியது ஒரே விஷயம்: ஒரு நாயகனின் தேதி கிடைக்காவிட்டால், பணம் போட்டவன் நடுத்தெருவுக்கு வந்துவிடும்படியான தொழிலாக அது இருந்தது. வட்டிக்கு மாத்திரம் தேதி தவறுவதேயில்லை. படம் நின்றாலும் வட்டி நிற்காது. இருந்த சொத்தெல்லாம் கடனுக்குப் போயிற்று. 1966-ல் அவர் தாமே டைரக்ட் செய்து வெளியிட்ட படத்தின் பேர் "தட்டுங்கள் திறக்கப்படும்". பைபிளில் உள்ள வாக்குறுதி அது. தட்டினார், திறக்கவில்லை. அதே எம்.ஜி.ஆர். படங்களில், "பறக்கும் பாவை"யிலும் "அடிமைப் பெண்"ணிலும், மறுபடி பக்க வேஷத்துக்கே வந்து நிற்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் சொல்லுவதால் அவரைக் குற்றமற்றவர் ஆக்க நாம் விரும்பவில்லை. குடித்தார், மிதமிஞ்சிக் குடித்தார், போதை மருந்துக்கும் அடிமையானார். கையில் பணம் இருந்தபோது நாளைக்கென்று வைக்கவில்லை. இவை அவர் செய்த தவறுகளே. தவறு என்று சொன்னால் திருத்த வழியுண்டு. விதி என்று சொல்லிவிட்டால் திருத்த என்ன இருக்கின்றது? நம் பகுதியில் இன்று குடித்து அழிகிற வாலிபனும் இதே "தலையெழுத்து" என்ற வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு குடிக்கிறான். குடி வியாதியானால் வைத்தியம் உண்டு; கடன் வந்தால் கணக்கு உண்டு; ஏமாற்றினால் சட்டம் உண்டு. தலையெழுத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரியும் இல்லை, கோர்ட்டும் இல்லை. அதனால்தான் ஏமாற்றுகிறவனுக்கெல்லாம் அந்த வார்த்தை அவ்வளவு பிடித்திருக்கின்றது.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. இன்று ஹாசியக் காட்சிகளை மட்டுமே இரவும் பகலும் காட்டுகிற டெலிவிஷன் நிலையங்கள் இருக்கின்றன. செத்து ஐம்பது வருஷம் கடந்த சந்திரபாபு அங்கே தினமும் ஆடுகிறார். அவர் ஆட்டத்துக்கு நடுவே சோப்பும் பற்பசையும் விற்கின்றார்கள். அந்தப் பணத்தில் நடிகனுக்குப் பங்கு உண்டா? 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் நடிகன் என்ற ஒருவனுக்கு உரிமையே சொல்லப்படவில்லை. 1970-களின் கடைசியில் பம்பாய் ஹைகோர்ட்டும், நடிகர் தேவ் ஆனந்த் சம்பந்தப்பட்ட வழக்கில், படத்தில் நடித்தவனுக்குத் தன் நடிப்பின் மேல் பதிப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. 1994-ல் நடிப்பவர் உரிமை என்று ஒன்று சட்டத்தில் ஏறிற்று. சினிமாவுக்கு ஒருமுறை சம்மதித்துவிட்டால் அதுவும் போயிற்று. 2012-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான், நடிப்பை வியாபாரத்துக்கு உபயோகித்தால் நடித்தவனுக்கு ராயல்டி உண்டு என்ற வார்த்தை வந்தது. முன்னே நடித்துச் செத்தவர்களுக்கு அது எட்டவில்லை. இன்று டெலிவிஷன் தொடர்களில் மாமனாராகவும் சமையற்காரனாகவும் அண்டை வீட்டுக்காரனாகவும் வந்து சிரிக்க வைக்கிற நாட்கூலி நடிகனுக்காவது எட்டுமா என்பது, அவன் எழுத்து மூலமான ஒப்பந்தம் கேட்கிறானா, சங்கமாய்ச் சேர்ந்து கேட்கிறானா என்பதைப் பொறுத்திருக்கின்றது. பூஜை போட்டுப் படப்பிடிப்பைத் தொடங்கினால் எட்டாது.

கடைசியாய் நம் ஊர் விஷயம் ஒன்று. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கு நினைவுக் கோட்டை கட்டப்பட்டது 1974-ல். சந்திரபாபு செத்ததும் அதே வருஷம். கட்டபொம்மன் 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் போடப்பட்டான். இடிந்த கோட்டையை 1801-ல் மறுபடி மண்ணால் எழுப்பி, வெள்ளைக்காரன் பீரங்கியை முதல் தடவை திரும்பிப் போகச் செய்தவர்கள் ஊமைத்துரையோடு நின்ற பேர் தெரியாத ஜனங்கள். ஜக்கம்மாள் வந்து மண் சுமக்கவில்லை. மண் சுமந்தவர்களின் பேரை நாம் அறியோம். 1959-ல் வந்த கட்டபொம்மன் படத்தின் நாயகனை மட்டும் அறிவோம். சரித்திரத்திலும் நாயகனுக்கு மாலை, பக்க வேஷக்காரனுக்கு மண் என்று வைத்துப் பழகினவர்கள், சினிமாவில் வேறு விதமாய் நினைப்பார்களா?

ஆகவே சந்திரபாபுவுக்குச் சிலை வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சிலை வைத்தால் மாலை போடுவீர்கள். மாலை போட்டால் சூடம் காட்டுவீர்கள். நாம் கேட்பது இதுதான்: நாயகனின் அட்டை உருவத்துக்குப் பால் ஊற்றுகிற வாலிபர்கள், அந்தப் பாலை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். நடிப்புத் தொழிலுக்குப் போகிற நம் பிள்ளைகள் ஜாதகத்தைக் காட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். மனமுடைந்தவனைக் கோடாங்கியிடம் கூட்டிப்போகாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். குடிக்கு அடிமையானவனை விதி என்று கைவிடாதீர்கள். அடுத்த தடவை ஒருவர், "பாவம், சந்திரபாபு தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டால், "எழுதினவன் யார், ஐயா? வட்டிக்காரனா, சட்டசபையா, அல்லது நாயகனுக்கு மட்டும் டிக்கெட் வாங்குகிற நீரும் நானுமா?" என்று கேளுங்கள். அக்கேள்வியை ஒருவன் கேட்கத் தொடங்கிவிட்டால், கடல்கட்டிகளுக்குக் கூலி கொடுக்கிற காலம் முடியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.